டெப் கணினியை மொனிட்டரில் இணைக்க முடியுமா? வாசகர் கேள்வி – பதில்

டெப் கணினியில் தெரிவதைப் பெரிய திரையில் காண்பது பற்றித் திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, தேவையான அளவு சுருக்கி, பதில்களுடன் இங்கே தந்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறேன். என்னிடம் சம்சுங் கெலக்சி டெப் ஏ8 இருக்கிறது. அதில் நான் எழுதுவதை வகுப்பிலுள்ள 24 அங்குல மொனிட்டரில் மாணவர்களுக்குக் காட்ட விரும்பி, டைப்-சி இலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் அடப்டர் ஒன்றை வாங்கினேன். மொனிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று மட்டுமே வருகிறது. கடைக்காரர் வேறொன்றை மாற்றித் தந்தார். அதுவும் அப்படியே. பிழை கேபிளிலா, மொனிட்டரிலா?
– ஆசிரியை, உவர்மலை

பதில்: கேபிளிலும் பிழையில்லை, மொனிட்டரிலும் பிழையில்லை. உங்கள் டெப்பின் டைப்-சி போர்ட்டிலிருந்து வீடியோ சமிக்ஞை வெளியே வருவதில்லை. மூன்றாவது அடப்டரை வாங்கினாலும் இதே ‘நோ சிக்னல்’தான் வரும் என்பதால், தயவுசெய்து மேலும் பணம் செலவிட வேண்டாம்.

2014இல் அறிமுகமான டைப்-சி என்பது ஒரு முனையின் வடிவம் மட்டுமே. அந்த முனையின் வழியாக என்னென்ன செல்லும் என்பதைக் கருவியைத் தயாரித்தவரே தீர்மானிக்கிறார். சுவரில் சொக்கட் பொருத்தியிருந்தாலும், அதன் பின்னால் வயர் இழுக்கப்படாவிட்டால் மின்சாரம் வராதல்லவா? அதே நிலைமைதான் இங்கும். டைப்-சி போர்ட் ஒன்றினுள் 24 தொடுமுனைகள் உள்ளன. அவற்றுள் பழைய யூ.எஸ்.பி. 2.0 தரவுக்கென ஒரு சோடியும், அதிவேகத் தரவுக்கென நான்கு சோடிகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. ‘டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற ஏற்பாடு உள்ள கருவிகளில், அந்த அதிவேகச் சோடிகளின் வழியாகவே படம் மொனிட்டருக்குச் செல்கிறது. குறைந்த விலை டெப்களிற் பெரும்பாலானவற்றில் சார்ஜ் செய்வதற்கும் யூ.எஸ்.பி. 2.0 தரவுக்கும் வேண்டிய இணைப்புகள் மட்டுமே உள்ளே தரப்பட்டிருக்கும். நீங்கள் வாங்கிய அடப்டர் வருகின்ற டிஸ்பிளேபோர்ட் சமிக்ஞையை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றுகிறது, அவ்வளவே. வராத சமிக்ஞையை அதனால் உருவாக்க முடியாது.

சம்சுங் டெப்களில் ஏ7, ஏ8 ஆகியவற்றுக்கும், பேனாவுடன் வருவதால் பலரும் கற்பித்தலுக்கு விரும்பி வாங்கும் எஸ்6 லைட்டுக்கும் இந்த வசதி இல்லை. 2018இல் வந்த எஸ்4, 2019இல் வந்த எஸ்5இ, எஸ்6, அதன் பின்னர் வந்த எஸ்7, எஸ்8, எஸ்9 ஆகியவற்றுக்கு உண்டு. ‘எஸ்6’ என்பதற்கும் ‘எஸ்6 லைட்’ என்பதற்கும் இடையே பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. ஆனால் மொனிட்டர் விடயத்தில் இரண்டும் முற்றிலும் வேறானவை. பிற நிறுவனங்களின் டெப் எதுவாயினும், வாங்குவதற்கு முன்னர் தயாரிப்பாளரின் விபரப் பட்டியலில் யூ.எஸ்.பி. பற்றிய வரியைப் பாருங்கள். ‘டிஸ்பிளேபோர்ட்’ அல்லது ‘வீடியோ அவுட்’ என்று அங்கே தெளிவாகக் குறிப்பிட்டிருந்தால் நம்பலாம். ‘யூ.எஸ்.பி. 2.0’ என்று மட்டும் இருந்தால் அநேகமாக இயலாது. ‘யூ.எஸ்.பி. 3.2’ என்று இருப்பதும் தனியே உத்தரவாதம் ஆகாது, ஏனெனில் அது தரவின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி, டெப்பைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, அங்கேயே ஒரு மொனிட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதாகும். மத்திய வீதியிலோ என்.சி. வீதியிலோ அடப்டர் விற்கும் கடைக்காரர்கள் இந்தச் சோதனைக்கு மனமுவந்து இடமளிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வாங்குபவரின் டெப் எந்த மொடல் என்று ஒரு தடவை கேட்டாலே பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

இனி, உங்கள் வகுப்பை எப்படி நடத்தலாம் என்று பார்ப்போம். வீட்டில் ஒரு மடிக்கணினி இருந்தால், செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. எஸ்.சி.ஆர்.சி.பி.வை. (scrcpy) என்ற ஆறு எழுத்துகளால் அறியப்படும் இலவச, திறந்த மூல மென்பொருள், யூ.எஸ்.பி. கேபிளால் இணைக்கப்பட்ட அண்ட்ரொய்ட் டெப்பின் திரையை அப்படியே மடிக்கணினியில் ஒரு சாளரமாகக் காட்டும். மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டிலிருந்து மொனிட்டருக்குக் கேபிள் போட்டால், நீங்கள் டெப்பில் எழுதும் ஒவ்வொரு கோடும் மொனிட்டரில் வரும். தரவு கேபிள் வழியாகச் செல்வதால் தாமதம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. இதற்கு, கேபிளில் இணைந்த கணினி டெப்பைக் கட்டுப்படுத்த இடமளிக்கும் ‘யூ.எஸ்.பி. டீபகிங்’ என்பதை டெப்பில் இயக்க வேண்டும். செட்டிங்ஸில் ‘அபவுட் டெப்லட்’ பகுதிக்குச் சென்று, ‘சொஃப்ட்வெயார் இன்ஃபர்மேஷன்’ என்பதனுள் உள்ள ‘பில்ட் நம்பர்’ மீது ஏழு தடவை தட்டினால், ‘டிவலப்பர் ஒப்ஷன்ஸ்’ என்ற புதிய பகுதி தோன்றும். டீபகிங் அதற்குள் இருக்கிறது. முதன்முறை இணைக்கும்போது இந்தக் கணினியை நம்புகிறீர்களா என்று டெப் கேட்கும். உங்கள் சொந்தக் கணினிக்கு மட்டும் ஆம் என்று சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் டீபகிங்கை நிறுத்திவிடுவது பாதுகாப்பானது. அதை இயக்கியபடியே டெப்பை வேறொருவரின் கணினியில் சார்ஜுக்குப் போடுவது நல்ல பழக்கமல்ல.

மடிக்கணினி இல்லையெனில் கம்பியில்லா வழியை நாட வேண்டும். சம்சுங் டெப்பில் ‘ஸ்மார்ட் வியூ’ என்ற பெயரில் உள்ள வசதி, 2012இல் அறிமுகமான மிராகாஸ்ட் முறைப்படி வைஃபை மூலம் படத்தை அனுப்புகிறது. சாதாரண மொனிட்டர்களில் வைஃபை கிடையாது என்பதால், மொனிட்டரின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் மாட்டும் மிராகாஸ்ட் ரிசீவர் ஒன்று தேவைப்படும். அதற்கு மின்சாரம் தர ஒரு யூ.எஸ்.பி. கேபிளையும் மாட்ட வேண்டும். இந்த முறையில் இணைய இணைப்பு அவசியமில்லை, டெப்பும் ரிசீவரும் நேரடியாகவே பேசிக்கொள்ளும். சிறு தாமதம் இருக்கும். நீங்கள் டெப்பைப் பார்த்து எழுத, மாணவர்கள் மொனிட்டரைப் பார்த்து எழுதிக்கொள்வதால், கணித வகுப்புக்கு அந்தத் தாமதம் இடையூறாகாது.

மூன்றாவதாக ‘டிஸ்பிளேலிங்க்’ சிப் பொருத்தப்பட்ட அடப்டர்கள் உள்ளன. இவை படத்தைச் சுருக்கிச் சாதாரண யூ.எஸ்.பி. தரவாக வாங்கி, தமக்குள்ளேயே மீண்டும் படமாக்கி மொனிட்டருக்கு அனுப்புபவை. ஆதலால் வீடியோ வெளியீடு இல்லாத அண்ட்ரொய்ட் டெப்களிலும், ‘டிஸ்பிளேலிங்க் பிரசென்டர்’ என்ற செயலியை நிறுவினால் வேலை செய்யக்கூடும். சாதாரண அடப்டரைவிட விலை கூடியவை என்பதால், மேற்சொன்ன இரண்டும் சரிவராவிட்டால் மட்டும், அதுவும் கடையிலேயே சோதித்துப் பார்த்த பின்னர் வாங்குங்கள்.

கேள்வி: என்னுடைய 10ஆம் தலைமுறை ஐபேட்டை ஹப் (பல போர்ட்கள் கொண்ட இணைப்புப் பெட்டி) ஒன்றின் மூலம் மொனிட்டரில் இணைத்தேன். படம் வருகிறது, ஆனால் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் தெரிகின்றன. நண்பனின் ஐபேட் ஏர் இணைக்கப்பட்டால் மொனிட்டர் முழுவதும் தனியான வேலைத்தளமாகத் திறக்கிறது. செட்டிங்ஸில் எதை மாற்ற வேண்டும்?
– மாணவர், கிண்ணியா

பதில்: மாற்றுவதற்கு எதுவும் இல்லை, தம்பி. மொனிட்டரைத் தனியான வேலைத்தளமாகப் பயன்படுத்தும் ‘ஸ்டேஜ் மேனேஜர்’ வசதி, எம்1 அல்லது அதற்குப் பின்னர் வந்த எம் வரிசைச் சிப் கொண்ட ஐபேட்களுக்கு, ஐபேட் ஓ.எஸ். 16.2 உடன் கிடைத்தது. 2021இன் ஐபேட் புரோவும் 2022இன் ஐபேட் ஏரும் எம்1 கொண்டவை. உங்களுடையது 2022இல் வந்ததாயினும் அதிலுள்ளது வேறு வரிசைச் சிப். அது தன் திரையில் உள்ளதை அப்படியே மொனிட்டரில் பிரதிபலிக்க மட்டுமே செய்யும். ஆயினும் உங்கள் ஐபேட் ஒரு விதத்தில் நல்ல விதிவிலக்கு. அதன் தரவு வேகம் யூ.எஸ்.பி. 2.0 அளவே என்றாலும், வீடியோ வெளியீடு அதற்கு உண்டு.

கறுப்புப் பட்டைக்கு எளிய கணக்கு ஒன்றுதான் காரணம். உங்கள் ஐபேட்டின் திரை 2360க்கு 1640 புள்ளிகள் கொண்டது. மொனிட்டரோ 1920க்கு 1080. ஐபேட்டின் படத்தை 1080 புள்ளி உயரத்துக்குச் சுருக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 1550 புள்ளிகளே வரும். எஞ்சிய 370 புள்ளிகளும் இரு பக்கமும் கறுப்பாக நிற்கின்றன. மொனிட்டரின் பட்டன்களை அழுத்திப் படத்தை இழுத்து நிரப்பினால் வட்டங்கள் நீள்வட்டமாகிவிடும். படிக்கின்ற பிள்ளை வரைபடங்களை அப்படிப் பார்க்கக் கூடாது. வீடியோ ஓடும்போதும், கீநோட் போன்ற செயலிகளில் படவில்லைகளைக் காட்டும்போதும் மொனிட்டர் முழுமையாக நிரம்பும்.

மொனிட்டர் 4கே (3840க்கு 2160 புள்ளிகள்) ஆக இருந்தால், உங்கள் ஐபேட் அதில் வினாடிக்கு 30 தடவை மட்டுமே படத்தைப் புதுப்பிக்கும், 1080 அளவில் 60 தடவை புதுப்பிக்கும். உங்கள் பாடங்களுக்கு 1080 அளவுள்ள மொனிட்டர் தாராளமாகப் போதும்.

கேள்வி: வீட்டில் நீல நிற வி.ஜி.ஏ. முனை மட்டும் உள்ள பழைய மொனிட்டர் இருக்கிறது. டெப்பை அதில் மாட்டலாமா?
– மூதூர்

பதில்: உங்கள் டெப்பில் வீடியோ வெளியீடு இருந்தால் மாட்டலாம். வி.ஜி.ஏ. 1987இல் வந்த அனலொக் முறை, எச்.டி.எம்.ஐ.யோ டிஜிட்டல். ஒன்றை மற்றதாக மாற்ற உள்ளே சிப் பொருத்திய கன்வெர்ட்டர் வேண்டும். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ.யும் மறுமுனையில் வி.ஜி.ஏ.யும் உள்ள வெறும் கேபிள் வேலை செய்யாது. வி.ஜி.ஏ. வழியாக ஒலியும் வராது. மொனிட்டரின் பின்புறத்தில் வெள்ளை நிற டி.வி.ஐ. முனையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே மேல், ஏனெனில் எச்.டி.எம்.ஐ. – டி.வி.ஐ. கேபிள் ஒன்றே படத்துக்குப் போதும். இல்லையெனில், கன்வெர்ட்டருக்குச் செலவிடும் பணத்துடன் இன்னும் சிறிது சேர்த்து, பாவித்த எச்.டி.எம்.ஐ. மொனிட்டர் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

கேள்வி: சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். கெலக்சி டெப் எஸ்8ஐ வரவேற்பறை மொனிட்டரில் இணைத்துள்ளேன். கடற்கரைப் புகைப்படங்களும் நாங்கள் எடுத்த வீடியோக்களும் நன்றாகத் தெரிகின்றன. நெட்ஃபிளிக்ஸ் படம் போட்டால் மட்டும் ஒலி வருகிறது, படம் கறுப்பாக நிற்கிறது. அடப்டர் பழுதா?
– நிலாவெளி

பதில்: பழுதல்ல. கட்டணம் செலுத்திப் பார்க்கும் படங்கள் எச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்பு முறையால் பூட்டப்பட்டவை. டெப், அடப்டர், மொனிட்டர் ஆகிய மூன்றும் அந்த முறையை ஏற்றால்தான் பூட்டுத் திறக்கும். இடையில் உள்ள மலிவான அடப்டரோ, வி.ஜி.ஏ. கன்வெர்ட்டரோ, பழைய மொனிட்டரோ அதை ஏற்காவிட்டால் படம் கறுப்பாகும். எச்.டி.சி.பி. ஏற்பதாகப் பெட்டியில் குறிப்பிட்டுள்ள அடப்டரை மாட்டினால் தீர வாய்ப்புண்டு. டிஸ்பிளேலிங்க் அடப்டரிலும், உவர்மலை ஆசிரியைக்குச் சொன்ன மடிக்கணினி வழியிலும் இத்தகைய படங்கள் தெரிய மாட்டா.

அதைவிட முக்கியமான இன்னொன்று. நெட்ஃபிளிக்ஸ் சந்தா தனிப்பட்ட, வணிக நோக்கமற்ற பாவனைக்கே தரப்படுகிறது. விருந்தினருக்காகப் பொது இடத்தில் ஓடவிடுவது அந்த நிபந்தனைக்கு மாறானது. உங்கள் சொந்த வீடியோக்களையும் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று, புறாத்தீவு பற்றிய படங்களையும் காட்டுவதே வரவேற்பறைக்கு ஏற்றது. வந்திருப்பவர்களுக்கும் அதுவே பயன்படும்.

கேள்வி: என் மடிக்கணினியின் திரை உடைந்துவிட்டது. எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் டெப்பை அதற்குத் திரையாக்க முடியுமா?
– தம்பலகாமம்

பதில்: நேரடியாக முடியாது. மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. போர்ட் படத்தை வெளியே அனுப்புவது, டெப்பின் டைப்-சி போர்ட்டும் அப்படித்தான். அனுப்பும் முனைகள் இரண்டைச் சேர்த்தால் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஸ்பேஸ்டெஸ்க் போன்ற செயலிகள் டெப்பை இரண்டாவது திரையாக்கும் என்பது உண்மையே. அப்பிள் கணினிகளில் 2019 முதல் ‘சைட்கார்’ என்ற பெயரில் ஐபேட்டுக்கு இவ்வசதி உண்டு. ஆனால் இவை கணினி முழுமையாக இயங்கத் தொடங்கிய பின்னர் வேலை செய்பவை. திரையே தெரியாத கணினியில் இவற்றை முதலில் நிறுவுவதுதான் சிக்கல்.

உங்கள் நிலைமைக்குப் பொருந்துவது ‘வீடியோ கெப்சர்’ எனப்படும் சிறிய கருவி. மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. கேபிளை அதில் மாட்டி, அதன் யூ.எஸ்.பி. முனையை டெப்பில் மாட்டினால், டெப் அதை ஒரு வெளிக் கமரா என்று எண்ணிப் படத்தைக் காட்டும். அண்ட்ரொய்ட் டெப்பில் யூ.எஸ்.பி. கமரா செயலி ஒன்று வேண்டும். டைப்-சி கொண்ட ஐபேட்களில் 2023இல் வந்த ஐபேட் ஓ.எஸ். 17 முதல் இதற்கு இடமுண்டு. இங்கே படம் டெப்பினுள் வருகிறது என்பதால், வீடியோ வெளியீடு இல்லாத டெப்பும் பயன்படலாம். மடிக்கணினியை இயக்கிச் சற்று நேரம் விட்டு, விண்டோஸ் பட்டனுடன் ‘பி’ எழுத்தை அழுத்தி, பின்னர் கீழ் அம்புக்குறியையும் என்டரையும் அழுத்திப் பாருங்கள். உடைந்த திரைக்கு மட்டும் சென்றுகொண்டிருந்த படம் வெளியே திரும்பக்கூடும். அவசரத்துக்கு ஆவணங்களை மீட்டெடுக்க இது உதவும். நாளாந்த வேலைக்கு, திரையை மாற்றுவதோ ஒரு மொனிட்டரை நிரந்தரமாக இணைப்பதோ நல்லது.

கேள்வி: கெலக்சி டெப் எஸ்9, மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் ஆகியவற்றை ஒரு ஹப்பில் இணைத்துக் கணக்கு வேலைகளைச் செய்கிறேன். மடிக்கணினி இல்லாத குறையே தெரியவில்லை. ஆனால் சில மணித்தியாலங்களில் பட்டரி இறங்கிவிடுகிறது. ஹப்பில் சார்ஜரை மாட்டினால் மொனிட்டர் ஒரு கணம் அணைந்து மீள்கிறது. இது டெப்பைப் பாதிக்குமா?
– கணக்காளர், திருகோணமலை நகர்

பதில்: பாதிக்காது. நீங்கள் பயன்படுத்துவது ‘டெக்ஸ்’ வசதி என்று நினைக்கிறேன். மொனிட்டரில் சாளரங்களும் கீழே பட்டியும் கொண்ட கணினித் தோற்றம் வருவதோடு, அதே நேரத்தில் டெப்பின் திரையில் வேறொரு செயலியையும் திறந்து வைக்கலாம். விரிதாளை மொனிட்டரிலும் பற்றுச்சீட்டின் படத்தை டெப்பிலும் வைத்து ஒப்பிட்டுப் பதிவது கணக்காளருக்கு மிக வசதியானது.

டெப்பில் ஒரே ஒரு போர்ட்தான் உள்ளது என்பதால், மொனிட்டரும் சார்ஜரும் அதையே பகிர வேண்டும். சார்ஜர் மாட்டப்படும் கணத்தில், யார் யாருக்கு மின்சாரம் தருவது என்பதை ஹப்பும் டெப்பும் மீண்டும் பேசித் தீர்த்துக்கொள்கின்றன. அப்போதுதான் படம் ஒரு கணம் அறுகிறது. சார்ஜரை முதலில் ஹப்பில் மாட்டி, அதன் பின்னர் ஹப்பை டெப்பில் மாட்டினால் வேலையின் நடுவே இது நிகழாது. ஹப்பில் ‘பி.டி.’ (பவர் டெலிவரி) என்று குறிக்கப்பட்ட டைப்-சி போர்ட்டில் மட்டுமே சார்ஜரை மாட்டுங்கள். பழைய தொலைபேசியுடன் வந்த 10 வொட் சார்ஜர் போதாது. உங்கள் டெப் 45 வொட் வரை ஏற்கக்கூடியது, ஹப்பும் தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே 45 வொட் அல்லது அதற்கு மேற்பட்ட பி.டி. சார்ஜரே பொருத்தமானது.

மின்வெட்டின்போது டெப் தன் பட்டரியில் தொடர்ந்து இயங்கும், மொனிட்டர் மட்டும் அணையும். டெப் திரையிலிருந்தே கோப்பைச் சேமித்துக்கொள்ளலாம் என்பதால் தரவு இழப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. மொனிட்டரும் தொடர்ந்து தெரிய வேண்டுமென்றால் சிறிய யூ.பி.எஸ். ஒன்றில் அதை மாட்டுங்கள்.

எழுத்துகள் தெளிவாக வேண்டி 4கே மொனிட்டர் வாங்க எண்ணினால், ஹப்பையும் கவனிக்க வேண்டும். முன்னர் சொன்ன நான்கு அதிவேகச் சோடிகளில் இரண்டைப் படத்துக்கும் இரண்டை யூ.எஸ்.பி. தரவுக்கும் பங்கிடும் ஹப்கள் பல, 4கே படத்தை வினாடிக்கு 30 தடவையே தரும். மவுஸ் நகரும்போது இழுபடுவது போலத் தோன்றுவதற்கு அதுவே காரணம். பெட்டியில் ‘4கே 60 ஹேர்ட்ஸ்’ (அதாவது வினாடிக்கு 60 தடவை) என்று எழுதப்பட்ட ஹப்பையே கேட்டு வாங்குங்கள்.

கடற்காற்று வீசும் நம் நகரத்தில் உலோகத் தொடுமுனைகள் விரைவில் மங்கிவிடும். கேபிளின் டைப்-சி முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். உட்புறத்தில் மேலும் கீழும் உள்ள பொன்னிறத் தொடுமுனைகள் பச்சை படிந்தோ கறுத்தோ இருந்தால், படம் விட்டு விட்டு வருவதற்கு அதுவும் காரணமாகலாம். அந்தக் கேபிளை மாற்றிவிடுங்கள். டெப்பின் போர்ட்டினுள் ஊசியோ குண்டூசியோ விட வேண்டாம். டெப்பை அணைத்துவிட்டு, உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டி எடுங்கள். மாரி காலத்தில் ஹப்பைத் திறந்த யன்னலோரம் வைக்காமல், வேலை முடிந்ததும் கழற்றி மூடிய பெட்டி ஒன்றில் வையுங்கள்.